நீங்களாக நிறுத்தாதீர்கள்!

1933-ம் ஆண்டு. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு விவசாயி, செத்த பசுவோடும் ஒரு பாத்திரம் ரத்தத்தோடும் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அந்த ரத்தம் உறையவே இல்லை!

கெட்டுப்போன தீவனத்தைத் தின்றதே காரணம். அதில் இருந்த பொருளை கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியின் குழுவினர் பிரித்து எடுத்தார்கள். அந்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் "வார்பரின்". 1948-ல் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதருக்கும் மருந்தாயிற்று.

நஞ்சு எப்படி மருந்தாகும்? அளவுதான் ரகசியம்.

சிலருக்கு இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் ரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம் வரும். இவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைப்போல் சுமார் 5 மடங்கு. வார்பரினை முறையாகச் சாப்பிட்டால், அதில் மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது.

முறையாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அளவு குறைந்தால் பக்கவாதம், கூடினால் ரத்தப்போக்கு. எனவேதான் "ஐ.என்.ஆர்." என்ற ரத்தப் பரிசோதனை. பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையே இருக்கவேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கவனித்துக்கொள்வார். வீட்டில்? பல் ஈறில் ரத்தம் கண்டதும் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மூட்டு வலிக்கு இன்னொருவர் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறார். இரண்டும் ஆபத்து.

புது மாத்திரைகளும் வந்துள்ளன. அவற்றுக்கு இந்தப் பரிசோதனை தேவை இல்லை. மூளையில் ரத்தம் கசிவதும் குறைவு. ஆனால் எல்லோருக்கும் அவை பொருந்தா. மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்கள் 4,500 பேருக்குமேல், 24 நாடுகளில் ஆராயப்பட்டார்கள். 2022-ல் முடிவு வெளிவந்தது. புது மாத்திரையைவிட வார்பரின் வகை மருந்து சாப்பிட்டவர்களிடையே சாவு குறைவு! பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை நமக்கு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தாத்தா மாத்திரை சாப்பிட்டாரா என்று பேரப்பிள்ளைகள் தினமும் கேட்கட்டும். ஒரு வேளை மறந்தால், மறுவேளை இரண்டாகக் கொடுக்கக் கூடாது. மலம் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ, திடீரென்று கடுமையான தலைவலி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டரின் வேலை. வேளை தவறாமல் கொடுப்பது குடும்பத்தின் கடமை.