அடுப்படியைக் கேட்டார்களா?

சிலிண்டருக்கு மாற்றாகக் குழாய் வருகிறது என்றார்கள். சாரத்தில் வீடுதோறும் அக்குழாய் எட்டுமுன்னரே, எரிவாயுக் குழாய்களில் இனி ஹைட்ரஜனும் கலந்து ஓடும் என்ற பேச்சு தில்லியிலிருந்து வந்துவிட்டது. எரிந்தால் கரி கக்காத வாயு, கதிரவனும் நீரும் ஈனும் வாயு என்று பாராட்டு மழை பொழிகிறது. புதுமை கண்டு முகஞ்சுளிப்போர் அல்லர் நாம். ஆயினும் பாராட்டுவோர் சொல்லாது விடும் கணக்கொன்று உண்டு.

2023 ஜனவரியில் சூரத்தை அடுத்த கவாஸில், தேசிய அனல்மின் கழகமும் குஜராத் கேஸ் நிறுவனமும் குடியிருப்புக் குழாயில் ஹைட்ரஜனைக் கலந்தன. தொடக்க அனுமதி 5 விழுக்காடு, நோக்கமோ 20. அதே மாதம் 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்குத் தில்லி ஒப்புதல் தந்தது. புதுவையை அன்று ஆண்ட பிரான்சிலே, டன்கர்க் அருகே, ஏறத்தாழ நூறு வீடுகளில் 2018லேயே சோதித்துவிட்டனர். ஆகவே, முடியுமா என்பதன்று கேள்வி.

ஒரு கனமீட்டர் ஹைட்ரஜன் தரும் வெப்பம், அதே அளவு இயற்கை எரிவாயு தருவதில் மூன்றிலொரு பங்கே. நூற்றுக்கு இருபது கலந்தால் கரியமிலவாயு குறைவது சுமார் 7 விழுக்காடு. கனமீட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் குறைவதோ சுமார் 14 விழுக்காடு! சோறு வேக வாயு கூடுதலாகச் செலவாகும். மீட்டர் எண்ணுவது கனமீட்டரை. வெப்பத்துக்கு விலை வைக்காமல் கொள்ளளவுக்கு விலை வைப்பார்களாயின், அது கள்ளப்படியில் அரிசி அளக்கும் வாணிபமன்றி வேறென்ன?

குழாயின் கதையும் உண்டு. ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையதாக்க வல்லது. தெருவில் புதைக்கும் பாலிஎதிலீன் குழாய்க்கு அந்நோய் இல்லை; உயரழுத்த எஃகுக் குழாய்களையோ ஒவ்வொன்றாகச் சோதித்தாக வேண்டும். ஏட்டுச்சுரைக்காய் என்பீரா? நம் ஏனாமுக்குத் தொலைவில் இல்லாத கோதாவரிக் கழிமுகத்திலே, நகரம் என்னும் சிற்றூரில், 2014 ஜூன் 27 விடியலில் கெயில் குழாய் வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் கருகி மாண்டனர். காரணம் ஹைட்ரஜன் அன்று. உலர்ந்த வாயுவுக்கென இட்ட குழாயில் ஈரவாயு ஓடி எஃகை அரித்தது. எக்குழாயில் எவ்வாயு என்பது உயிர்ப் பிரச்சினை.

பிரிட்டனைப் பாருங்கள். அங்கே பழைய நிலக்கரி வாயுவில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜனே. 1967 முதல் பத்தாண்டில் இயற்கை எரிவாயுவுக்கு மாறியபோது, பொதுத்துறை வீடுவீடாகச் சென்று அடுப்புகளை மாற்றியமைத்தது. அதே நாட்டில், விட்பி என்ற ஊரிலே முழு ஹைட்ரஜன் சோதனைக்கு மக்கள் எதிர்ப்புக் கிளம்பியது. 2023 ஜூலையில் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

ஹைட்ரஜன் கூடாதென்பதன்று நம் வாதம். உர ஆலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இன்று இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கின்றன. பசுமை ஹைட்ரஜன் முதலில் அங்கே செல்லட்டும். அடுப்புக்கு ஏற்றது சாணத்திலும் குப்பையிலும் பிறக்கும் உயிரி எரிவாயு. தூய்மைப்படுத்தினால் அதுவும் மீத்தேனே. குழாயும் மாறவேண்டாம், அடுப்பும் மாறவேண்டாம். 2025-26இல் 1 விழுக்காடு, 2028-29 முதல் 5 விழுக்காடு கலக்கவேண்டுமெனத் தில்லியே விதித்திருக்கிறது. பெரிய மார்க்கெட்டில் நாள்தோறும் குவியும் காய்கறிக் கழிவு எதற்காகக் காத்திருக்கிறது?

தெருத் தோண்ட வருவோரைச் சாரம் தோழர்கள் கேட்கட்டும்: கட்டணம் வெப்பத்துக்கா, கொள்ளளவுக்கா? கலக்குமுன் குடியிருப்போர் ஒப்புதல் உண்டா? கசிந்தால் பொறுப்பு யாருக்கு? விடையை எழுத்தில் வாங்குங்கள்.