அந்த வீட்டில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்?

இந்த வாரம் எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் ஒன்றரைப் பக்கக் காகிதம்.

குரோம்பேட்டையில் எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் தம்பி ஒருவர் நெமிலிச்சேரிப் பக்கம் பழைய தனி வீடு ஒன்றைப் பேசி வைத்திருக்கிறார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் சொல்லிவிட்டுப் போக வந்தார். "லீகல் எல்லாம் பார்த்தாச்சு ஆன்ட்டி. புரோக்கரே தெரிஞ்ச வக்கீலை வெச்சு ஒப்பீனியன் வாங்கிக் கொடுத்துட்டாரு. ஃபீஸ்கூட நாம தர வேணாமாம்." காகிதத்தை வாங்கிப் படித்தேன். 1971-ல் கிரயம் பெற்ற மனை, வில்லங்கம் ஏதுமில்லை, பட்டா இருக்கிறது, வீட்டு வரி பாக்கியில்லை. அதற்குக் கீழே ஒரு வரி: கிரயம் பெற்றவர் காலமாகிவிட்டார், வாரிசுகளான இரண்டு மகன்களும் சொத்தை அனுபவித்து வருகிறார்கள், விற்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

அந்த வீட்டை எனக்குத் தெரியும். அங்கே ஒரு மகளும் இருந்தார். எண்பதுகளில் முன்னறையில் பாய் விரித்து, சுவரில் கரும்பலகை மாட்டி, ராதா நகர் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தவர். மாடி கட்டியதில் அந்த டியூஷன் பணமும் சேர்ந்திருக்கிறது. பிறகு கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனார். சட்டக் கருத்து என்று தலைப்புப் போட்ட அந்தக் காகிதத்தில் அவர் பெயரே இல்லை.

வீடு வாங்கும்போது வக்கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதுவதாகச் சென்ற வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதிவிடுகிறேன். விற்பவரோ புரோக்கரோ பில்டரோ கைகாட்டும் வக்கீல் வேண்டாம். அவருக்கு அடுத்த வேலை தரப்போவது அவர்கள்தான், நீங்கள் இல்லை. இங்கிலாந்தில் வாங்குபவருக்கு ஒரு சொலிசிட்டர், விற்பவருக்கு ஒரு சொலிசிட்டர் என்று தனித்தனியாக வைத்துக்கொள்வதுதான் வழக்கம். நம் ஊரில் இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒருவரே பார்த்துவிடுகிறார், அவரும் புரோக்கர் வைத்த ஆள். "பேங்க்கே லோன் கொடுக்குது, அப்புறம் என்ன?" என்பார்கள். பேங்க் பேனலில் இருக்கும் வக்கீல் பேங்க்கின் பணத்துக்குக் காவல். உங்கள் சேமிப்புக்குக் காவல் வேண்டுமென்றால் நீங்கள் ஃபீஸ் கொடுத்து ஒருவரை வையுங்கள். அவர் ஜெராக்ஸ் பார்த்துக் கருத்து எழுதக்கூடாது, அசல் பத்திரங்களைப் பார்க்க வேண்டும். முப்பது வருடத்துக்காவது வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். கருத்தைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

சார் பதிவாளர் பார்த்துத்தானே பதிகிறார் என்ற நம்பிக்கையும் பலருக்கு இருக்கிறது. அசல் மூலப்பத்திரம் காட்டினால்தான் பதிவு என்று சொன்ன தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ(1) செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதிக் கொடுப்பவருக்குச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை அல்ல என்பது அதன் சாரம். ஆகவே அந்த ஆராய்ச்சி முழுவதும் உங்கள் வக்கீல் தலையில். வில்லங்கச் சான்றிலும் பதிவான பத்திரங்கள்தான் வரும். அந்த வீட்டில் ஒரு பெண் பிறந்ததை எந்த வில்லங்கச் சான்றும் காட்டாது.

வக்கீல் பற்றி இதற்கு மேலும் எழுதலாம். ஆனால் என் மனம் முழுக்க அந்தக் கோயம்புத்தூர்க்காரரிடமே இருக்கிறது.

"அக்காவுக்கு அப்பவே நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு" என்று தம்பிகள் சொல்வார்கள். இந்தப் பேச்சைப் பற்றி நான் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். கொஞ்சம் சட்டம் கேள்விப்பட்டவர்கள் வேறொன்றைச் சொல்வார்கள்: "89-க்கு முன்னாடி கல்யாணம் ஆயிடுச்சு, அதனால அவங்களுக்குப் பங்கு கிடையாது." படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த 1989 சட்டம் பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. அவ்வருடம் மார்ச் 25-ல் கல்யாணமாகாமல் இருந்த மகளுக்குப் பிறப்பிலேயே மகனுக்குச் சமமான உரிமையைத் தமிழ்நாடு கொடுத்தது. கல்யாணமான மகள்கள் அதில் விடுபட்டார்கள். 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டது. திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆனால் குரோம்பேட்டையில் பரம்பரைச் சொத்து எத்தனை பேருக்கு இருக்கிறது? தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் இது. மின்சார ரயில் இருக்கிறது, கடற்கரைக்கோ மாம்பலத்துக்கோ போய்வரலாம் என்று நம்பி, சம்பளத்திலும் பி.எஃப். கடனிலும் சீட்டுப் பணத்திலும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று வாங்கிக் குடியேறியவர்கள்தான் நம் அப்பாக்கள். அது அவர்கள் சுயமாகச் சம்பாதித்த சொத்து. இந்து அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அந்தச் சொத்து மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் போகும் என்று 1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. கல்யாணம் ஆனதா, எந்த வருடம் ஆனது என்ற கேள்வியே அதில் இல்லை. ஒரே ஒரு முட்டுக்கட்டை இருந்தது: குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண்கள் பிரிக்க நினைக்கும்வரை மகள் பாகம் கேட்க முடியாது. 2005-ல் அந்த 23-ஆம் பிரிவும் போய்விட்டது.

1956-க்கு முன்னால் இறந்தவர்கள்? அதற்கும் நம் மாநிலத்து வழக்கிலேயே பதில் இருக்கிறது. அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கில், 1949-ல் உயில் எழுதாமல் இறந்த ஒருவரின் சுயார்ஜிதச் சொத்து அவருடைய ஒரே மகளுக்குத்தான் சேரும், அண்ணன் தம்பி வழிக்கு அல்ல என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மகள் இறந்தே ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நம் மாவட்டத் தலைநகர் செங்கல்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் பெரியாரின் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் பரம்பரைச் சொத்துக்கும் சேர்த்து அது சட்டமாவதற்கு 60 வருடம் ஆனது. சட்டம் வந்து முப்பத்தைந்து வருடம் தாண்டியும், அங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரத்தில் இருக்கும் நம் ஊரில் ஒரு வக்கீல் வாரிசுகள் என்று எழுதி மகன்களை மட்டும் போடுகிறார்.

சில வருடங்களுக்கு முன் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு சார் பதிவகத்துக்குப் போயிருந்தேன். மூன்று சகோதரிகள் ஊரிலிருந்து இரவு ரயிலில் வந்து, குளிக்கக்கூட நேரமில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். விடுதலைப் பத்திரம் ஏற்கெனவே டைப் ஆகி, எழுத்தர் பக்கம் பக்கமாகப் புரட்டி விரலை வைத்துக் காட்ட, அவர்கள் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்கள். யாரும் அதை அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை. அன்பையும் பாசத்தையும் முன்னிட்டுத் தங்கள் பங்கைச் சகோதரருக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. பணம் ஒன்றும் இல்லை. போட்டோவும் கைரேகையும் எடுத்து முடிந்ததும் அண்ணன் ஆளுக்கொரு பட்டுப்புடவைப் பையைக் கொடுத்து ஓட்டலுக்கு அழைத்துப் போனார். மூவரில் கடைசித் தங்கை விதவை, வாடகை வீட்டில் இருக்கிறார். அன்பினால் விட்டுக்கொடுப்பது அவரவர் உரிமை. அதில் நான் தலையிட மாட்டேன். எதை விட்டுக்கொடுக்கிறோம், அதன் மதிப்பு என்ன என்று தெரியாமல் கையெழுத்துப் போட வைப்பதை அன்பு என்று என்னால் ஏற்க முடியாது.

நெமிலிச்சேரித் தம்பியைத் தாம்பரம் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் வக்கீலம்மா ஒருவரிடம் அனுப்பினேன், நானும் கூடப் போனேன். அவர் பத்திரத்தைத் திறக்கவே இல்லை. முதலில் கேட்டது: "அந்த வீட்ல பொண்ணுங்க எத்தனை பேரு?" அடுத்தது: "அம்மா எப்ப தவறினாங்க?" கவரின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். அப்பா இறந்ததும் அம்மா, மூன்று பிள்ளைகள், ஆக நாலு பங்கு. அம்மா பிறகு இறந்ததால் அவர் பங்கும் மூவருக்கும் சமம். மகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. இரண்டு மகன்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒரு பங்கு வாங்குபவருக்கு வராது. நாளைக்கு மகளோ அவர் பிள்ளைகளோ பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் பிரதிவாதியாக நிற்பது இந்தத் தம்பிதான். அப்பா, அம்மா இருவருக்கும் இறப்புச் சான்றும் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றும் வாங்கிவரச் சொன்னார்.

தகவல் போனதும் விற்பவர்கள் சொன்ன பதில்: "அக்கா கேஸெல்லாம் போட மாட்டாங்க. வேணும்னா ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கித் தந்துடறோம்."

வக்கீலம்மா தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "அவங்க விடுதலை எழுதிக் கொடுத்தாலும் உங்களுக்குச் சிக்கல் இல்லைப்பா. ஆனா நீங்க கேட்டீங்கன்னா, கிரயப் பத்திரத்துலேயே அவங்களையும் விக்கிறவங்களா சேர்க்கலாம். அவங்க பங்குக்கு அவங்க பேர்லயே தனி டி.டி. எடுக்கலாம். உங்களுக்கு ஒரு ரூபாகூட அதிகமாகாது." தம்பி அப்படியே கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

வீடு வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் இதைக் கேளுங்கள். விலை அதே விலைதான். காசோலை மட்டும் மூன்றாகும்.

வீடு விற்கப்போகும் குடும்பத்தில் பிறந்த பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விடுதலைப் பத்திரம் வந்தால் கையெழுத்துப் போடும் முன் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள், அண்ணன் வைத்த வக்கீலிடம் அல்ல. ஃபீஸுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் அங்கே வக்கீல் உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.