ஹெட்கிளார்க்கைத் தாண்டும் வாசனை

ஓல்ட் ஸ்பைஸ் விஷயத்தில் உலகத்தில் இரண்டே கட்சிதான். 'ஆஹா' கட்சி, 'ஐயோ' கட்சி. கூட்டணிக்கெல்லாம் இடமே கிடையாது.

சந்தேகம் இருந்தால் காலை எட்டேமுக்காலுக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்டு போகிற ஏதாவது ஒரு டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு பாருங்கள். மல்லிகைப்பூ, விபூதி, யாரோ ஒருவருடைய டிபன் பாக்ஸிலிருந்து கசியும் சாம்பார் எல்லாவற்றையும் மீறிக்கொண்டு ஒரு கிராம்பு வாசனை வந்து மோதும். திரும்பினால், ஐம்பது தாண்டிய ஆசாமி ஒருவர் பளபளவென்ற தாடையோடு கம்பியைப் பிடித்து நிற்பார். பக்கத்தில் ஒரு காலேஜ் பையன் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பான். (அவன் அடித்திருக்கிற பாடி ஸ்ப்ரே தாங்காமல் முந்தின ஸ்டாப்பில் நாலு பேர் இறங்கிவிட்டது தனிக்கதை.)

இத்தனைக்கும் இந்த 'ஆம்பளை வாசனை'யின் பூர்வீகத்தைக் கிளறினால், கிடைப்பது ஒரு அம்மாவின் ஜாடி! அமெரிக்காவில் ஷுல்ட்டன் என்ற கம்பெனியை ஆரம்பித்த வில்லியம் லைட்ஃபுட் ஷூல்ட்ஸ், தன் அம்மா ரோஜா இதழையும் மசாலா சாமான்களையும் போட்டு வைத்திருந்த ஜாடியின் வாசனையை மனசில் வைத்துத்தான் 1937ல் சரக்கை இறக்கினார். அதுவும் யாருக்கு? பெண்களுக்கு! ஆண்களுக்கான ஐட்டங்கள் அடுத்த வருஷம்தான், 1938ல். அதில் ஒன்று குவளையில் வைத்த ஷேவிங் சோப்பு. குவளை மேல் பாய்மரக் கப்பல் படம். கப்பல் வந்ததும் வாசனைக்கு மீசை முளைத்துவிட்டது. 1990ல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் வாங்கிய பிறகும் கப்பலை முழுசாகக் கரையேற்றவில்லை.

நம்மூரில் தூர்தர்ஷன் காலத்து விளம்பரம் ஞாபகமிருக்கிறதா? மலை மாதிரி அலை மேல் ஒருவன் பலகையில் சறுக்கிக்கொண்டு வருவான். பின்னணியில் ஒரு கும்பலே அலறும். அது கார்ல் ஓர்ஃப் என்ற ஜெர்மானியர் இசையமைத்து 1937ல் அரங்கேறிய 'கார்மினா புரானா' என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். வைகையில் முழங்கால் தண்ணீர் பார்த்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு, அலைமேல் சறுக்குகிற வீரத்தைக் காட்டி ஒரு சோப்பை விற்றார்கள். நாங்களும் வாங்கினோம். ட்யூபில் க்ரீமாக வந்தாலும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'சோப்பு'தான்.

சோப்பு என்றால் குளிக்கிற சோப்பு இல்லை. குளிக்கிற சோப்பில் சோடியம்தான் பிரதானம். ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலத்தைத் தாராளமாகப் போட்டு, பொட்டாசியத்தையும் சேர்ப்பார்கள். அதனால்தான் நுரை இட்லி மாவு மாதிரி கெட்டியாக நிற்கிறது. பேப்பரில் தலைப்புச் செய்தி படித்து முடிக்கிற வரைக்கும் வழியாது. இதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு வாசனையில்தான்.

என் மனைவி ஐயோ கட்சி. கல்யாணமான முதல் வாரமே பிரகடனம் செய்துவிட்டாள்.

"என்னங்க, பாத்ரூம்ல பல் டாக்டர் யாராவது இருக்காரா?"

நான் கிண்டல் என்று நினைத்தேன். கிண்டல் இல்லை, கெமிஸ்ட்ரி! கிராம்புக்கு வாசனை கொடுக்கிற சரக்கின் பெயர் யூஜினால். சொத்தைப் பல்லைக் குடைந்துவிட்டுத் தற்காலிகமாக அடைக்கிற சிமெண்டில் குழைப்பதும் அதைத்தான். சின்ன வயசில் பல் டாக்டர் நாற்காலியில் கத்தித் தீர்த்தவளுக்கு, என் தாடையைப் பார்த்தால் குறடு ஞாபகம் வருவது நியாயம்தானே? (மட்டன் பிரியாணியில் அதே கிராம்பு வரும்போது மட்டும் பல் டாக்டர் ஞாபகம் வருவதில்லை. கேட்டால் சண்டை.)

நான் காமர்ஸ் படித்தவன். இருந்தாலும் படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கண், காது, தோல் மூலமாக வருகிற தபால் எல்லாம் மூளையில் தலாமஸ் என்கிற ஹெட்கிளார்க் மேஜைக்குப் போய், முத்திரை வாங்கிக்கொண்டுதான் மேலே போகும். மூக்குத் தபாலுக்கு மட்டும் அந்தக் கட்டாயம் கிடையாது. ஹெட்கிளார்க்கைத் தாண்டி, உணர்ச்சி டிபார்ட்மெண்டான அமிக்டலாவுக்கும், ஞாபக ரெக்கார்டு ரூமுக்கும் குறுக்கு வழியில் போய்விடும். இன்ன வாசனை என்று பெயர் சொல்வதற்கு முன்னாலேயே தொண்டை அடைப்பது அதனால்தான். அதுபோக, மூக்கில் சுமார் 400 வகை வாசனை வாங்கிகள். ஆளுக்கு ஆள் அதில் வித்தியாசம் உண்டு. வாங்கிகளின் மரபணுக்களைக் கண்டுபிடித்த ரிச்சர்ட் ஆக்செலுக்கும் லிண்டா பக்குக்கும் 2004ல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

எனக்கு அந்த வாசனை என்றால் அப்பா. ஞாயிற்றுக்கிழமை, முற்றத்து ஜன்னல் கம்பியில் மாட்டிய கண்ணாடி, குட்டி ஸ்டூல். பிரஷ்ஷைச் சுழற்றி, மிச்ச நுரையை என் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, "போய் அம்மாட்ட காட்டு, மாப்பிள்ளை ரெடின்னு" என்பார்.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்குக் காலையில் முக்குக் கடை சலூன்காரர் வந்தார். முப்பது வருஷமாக அப்பாவுக்கு முடி வெட்டியவர். பையைத் திறக்கவில்லை.

"அய்யாவோட சோப்பு எங்க தம்பி?"

எடுத்துக் கொடுத்தேன். அவசரமே படாமல் நுரை போட்டார். தாடையை ஒரு கையால் தாங்கி, உயிரோடு இருக்கிறவருக்குச் செய்வது போலவே மழித்தார். கடைசியில் லோஷனையும் உள்ளங்கையில் ஊற்றித் தடவினார். ஊதுபத்தி, சாம்பிராணி, மல்லிகை மாலை எல்லாவற்றையும் தாண்டி ஹால் முழுக்க அந்த வாசனைதான். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

பதினாறாம் நாள் கழிந்து நான் மறுபடி ஷேவ் செய்ய ஆரம்பித்தபோது அந்த ட்யூபையே எடுத்தேன். பிறகு அதே வகை. இரண்டு மூன்று வாரத்தில் ஒன்று கவனித்தேன். நான் பிரஷ்ஷை நனைத்ததும், அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனைவியிடம் கேட்டேன்.

"ஆமாங்க. அத்தைக்கு அது ஞாயித்துக்கிழமை வாசனை இல்ல. அந்த ஒரு நாள் வாசனை" என்றாள். பல் டாக்டர் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது ட்யூபும் லோஷனும் முக்குக் கடை சலூனில், படிகாரக் கட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் அங்கே போகிறேன். மற்ற நாட்களுக்கு வீட்டில் வாசனையில்லாத ஏதோ ஒரு ஜெல். செவ்வாய்க்கிழமை சலூன் லீவு என்பதால், அன்றைக்கு ஆசை வந்தாலும் வழியில்லை.

போன வாரம் அம்மா திடீரென்று கேட்டார்.

"ஏப்பா, அந்தச் சோப்பு தீந்து போச்சா?"

"இல்லம்மா. சலூன்ல இருக்கு."

"இருக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மூடியை இறுக்கமா மூடச் சொல்லு, காஞ்சு போயிரும்."