தோளில் தொங்கினால் கிட்டாரா?

பேஸ் கிட்டாரும் ஒரு கிட்டார்தான், அதை வாசிப்பவர் கிட்டாரிஸ்ட்தான், 'பேஸ் பிளேயர்' என்று தனியாகச் சொல்லிக்கொள்வது வெறும் பந்தா என்கிறார்கள்.

1. உருவம்தான் அளவுகோலா? பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் பேஸ் வயலின் வடிவில் இருக்கிறது. அவர் வயலின் வித்வானா?

2. 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், ஆளுயர டபுள் பேஸின் வேலையைச் செய்ய வந்த வாத்தியம். நான்கு தந்திகள், ஈ, ஏ, டி, ஜி என்று டபுள் பேஸின் அதே சுருதி. கிட்டார்காரர்களும் எளிதாக வாசிக்கத்தானே ஃப்ரெட் வைத்தார்கள் என்பீர்கள். இருக்கட்டும். யாருக்கு எளிது என்பது ஒரு கேள்வி, அது செய்யும் வேலை என்ன என்பது வேறு கேள்வி.

3. டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சனைப் பாருங்கள். டபுள் பேஸில் தொடங்கியவர். மோடவுன் பதிவுகளில் பிரிசிஷன் பேஸை வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டினார். கீழே டிரம்ஸோடு பூட்டிக்கொள்ள வேண்டும், மேலே கார்டுக்கு அடித்தளம் தர வேண்டும்: வாத்தியம் மாறியும் வேலை மாறவில்லை. எந்த நாளில் அவர் கிட்டாரிஸ்ட் ஆனார்?

4. பந்தாவாம்! டிரம்ஸ் பக்கத்தில் பாதி இருட்டில் நிற்பவருக்கா?

வாத்தியத்தை பேஸ் கிட்டார் என்றே சொல்லுங்கள், தவறில்லை. ஆளை பேசிஸ்ட் என்று கூப்பிடுங்கள்.