எந்த போன் தமிழ் பேசும்?

போன வாரம் வீட்டில் பெரிய வாக்குவாதம். மகன் ஐபோன் கட்சி, மாப்பிள்ளை சாம்சங் கட்சி. கேமரா, சிப், ஏ.ஐ. என்று ஒரு மணி நேரம் ஓடியது. காபி கொண்டுவந்த என் வீட்டம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல எது தமிழ்ல பேசும்?" இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பதிலை நானே தேடினேன். சாம்சங் போனில் ஓடுவது கூகுளின் ஆண்ட்ராய்டு. 2014-இல் வந்த லாலிபாப் பதிப்பிலேயே அதன் மெனு தமிழுக்கு வந்துவிட்டது. ஐபோனில் 2013-லேயே தமிழ் விசைப்பலகை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் மெனு தமிழில் வந்தது 2025-இல், ஐ.ஓ.எஸ். 18.4-இல்தான்.

விசைப்பலகை என்பது நாம் போனுக்குச் சொல்வது. மெனு என்பது போன் நமக்குச் சொல்வது. "அனுமதிக்கலாமா, அழிக்கலாமா" என்று அது கேட்பது புரியாமல் ஓ.கே. அமுக்குவது, படிக்காத பத்திரத்தில் கைநாட்டு வைப்பதற்குச் சமம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 2007-இல் ஐபோன் பிரான்சுக்குப் போனபோதே பிரெஞ்சு பேசியது. தமிழ் பேச 18 வருஷம். 2011 கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழி என்று சொன்ன இந்தியர்கள் 6.9 கோடி, பிரான்சின் ஜனத்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். "அங்கே வாங்குகிறவர்கள் அதிகம்" என்பார்கள். சரி, செய்கிறவர்கள்? அரக்கோணத்துக்குப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019 முதல் ஐபோன் பூட்டுகிறார்கள். பூட்டும் கை தமிழ்க் கை. அந்தக் கைக்குப் புரியும் மொழி மட்டும் கடைசியில்.

கம்பெனியை மட்டும் திட்டிப் பயனில்லை. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்தது. அப்புறமும் கோப்பில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியே காலம் தள்ளிய குமாஸ்தா நான். இன்று தமிழ் மெனு கையில் இருந்தும் எத்தனை பேர் மாற்றியிருக்கிறோம்? "அந்தத் தமிழ் புரியலையே" என்கிறோம். ஆங்கில மெனு மட்டும் முதல் நாளே புரிந்ததா?

எனவே போன் வாங்கப் போகிற பெரியவர்களே, கேமராவை அப்புறம் பாருங்கள். கடைக்காரரிடம் மொழியைத் தமிழுக்கு மாற்றச் சொல்லி, எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி, உங்கள் கையால் நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். நாம் கேட்காதவரை எந்த போனும் தானாகத் தமிழ் பேசாது.

என் வீட்டம்மாவின் போனை அன்றே தமிழுக்கு மாற்றிவிட்டேன். இப்போது என் போனில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கிறார். நாளைக்கு அதையும் மாற்ற வேண்டும்.