வேளாண் கல்லூரியின் ஆண்டறிக்கையில் சேரி எங்கே?

ஆண்டுதோறும் வேளாண் கல்லூரிகள் தங்கள் சாதனைப் பட்டியலை வெளியிடுகின்றன. இத்தனை புதிய ரகங்கள், இத்தனை காப்புரிமைகள், இத்தனை நிறுவனங்களோடு ஒப்பந்தம், இத்தனை ஆயிரம் விவசாயிகளுக்குப் பயிற்சி என்று எண்கள் வரிசை கட்டி நிற்கும். எதிர்காலத் திட்டம் என்ற தலைப்பில் ட்ரோன், செயற்கை நுண்ணறிவு, வறட்சி தாங்கும் பயிர், ஸ்டார்ட்-அப் எல்லாம் வரும். இவை எதுவும் வேண்டாதவை அல்ல. ஆனால் ஒரு கேள்விக்கு அந்தப் பக்கங்களில் பதில் தேடிப் பாருங்கள். அந்தப் புது ரகத்தை நாற்றாகப் பிடுங்கி, முதுகு வளைய நட்டு, களை எடுத்து, அறுத்துக் கொடுக்கிற பெண்ணுக்கு அந்த ஊரில் ஒரு சென்ட் விளைநிலம் இருக்கிறதா?

கோவை வேளாண் பல்கலைக்கழகம் தன் வேரை 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியில் காண்கிறது. 1906இல் கோவைக்கு இடம் மாறி, 1971இல் பல்கலைக்கழகம் ஆனது. பெருமைப்படத் தக்க வரலாறுதான். ஆனால் அந்தக் கல்வி சைதாப்பேட்டையில் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே இன்னொரு வரலாறும் நடந்தது. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நிலத்தைச் சுற்றி மிராசுதார்கள் போட்டிருந்த வேலியை அதில் அம்பலப்படுத்தினார். அதன் விளைவாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம். ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அதைத் திருப்பிக் கேட்ட காரணை மக்களின் போராட்டத்தில், 1994 அக்டோபரில், ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். சைதாப்பேட்டைப் பள்ளியின் கதை விழா மலர்களின் முன்னுரையில் இடம்பிடிக்கிறது. பஞ்சமி நிலத்தின் கதையை எந்த வேளாண் பாடத்தில் படித்தீர்கள்?

"விளைச்சல் கூடினால் எல்லோருக்கும் நல்லதுதானே" என்பார்கள். தஞ்சையைப் பார்ப்போம். 1960-61இல் தீவிர வேளாண் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. உரம் வந்தது, கடன் வந்தது, ஆடுதுறை 27 போன்ற புது நெல் வந்தது. விளைச்சல் கூடியபோது, உழைத்தவர்களும் கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வை எதிர்த்து நின்ற மிராசுதார்களின் சங்கத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? நெல் உற்பத்தியாளர் சங்கம். சேற்றில் இறங்காதவர் உற்பத்தியாளர், சேற்றிலேயே வாழ்ந்தவர் கூலி. 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. வேளாண் வளர்ச்சியின் அட்டவணையில் அந்த ஆண்டுகள் ஏறுமுகமான ஆண்டுகள்!

விளைச்சலை மட்டும் அளக்கும் அளவுகோலில் வெண்மணி தெரியாது. இதுதான் நம் குற்றச்சாட்டு.

"அறிவியலுக்கு ஏது சாதி?" என்று அடுத்து கேட்பார்கள். நெல்லுக்குச் சாதி தெரியாதுதான். பட்டாவுக்குத் தெரியுமே! மானியம் வேண்டுமா, சிட்டா, அடங்கல் கொண்டு வா என்கிறார்கள். சொட்டுநீருக்கும் அதுதான். ஆய்வகத்தில் பிறந்த தொழில்நுட்பம் ஊருக்குள் வரும்போது நில ஆவணம் உள்ளவரின் வாசலில்தான் முதலில் நிற்கிறது. ஆதிதிராவிட, பழங்குடி சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாடு அரசு கூடுதல் மானியம் தருவது சரியான நடவடிக்கை. ஆனால் நிலமே இல்லாதவருக்கு எத்தனை சதவீத மானியம் கொடுத்தும் என்ன பயன்? தமிழ்நாட்டு மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு பட்டியல் சாதி மக்கள். நாடு முழுக்க அவர்கள் 16.6 சதவீதம். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடி நிலத்தில் அவர்கள் கையில் இருப்பது ஏறத்தாழ 9 சதவீதம்தான்.

யார் விவசாயி என்பதிலேயே இந்த மோசடி தொடங்குகிறது. கோவை வேளாண் கல்லூரியில் படித்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமை தாங்கிய தேசிய விவசாயிகள் ஆணையத்தின் வழியில் வந்த 2007ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, கூலித் தொழிலாளர், குத்தகைதாரர், வாரதாரர் அனைவரையும் விவசாயி என்றே வரையறுத்தது. 2019இல் வந்த பிஎம் கிசான் திட்டமோ ஆண்டுக்கு 6000 ரூபாயை நிலவுடைமைக் குடும்பங்களுக்கு மட்டும் கொடுக்கிறது. "ஆயிரம் விவசாயிகளுக்குப் பயிற்சி அளித்தோம்" என்று கல்லூரி சொல்லும்போது, அந்த ஆயிரத்தில் கூலி விவசாயிகள் எத்தனை பேர்? சேரியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்?

எந்திரத்துக்கு நாம் எதிரிகள் அல்லர். இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி 1918இல் எழுதிய அம்பேத்கர், துண்டு நிலங்களை ஒட்டவைப்பது மட்டும் தீர்வாகாது, மூலதனமும் தொழில்மயமும் வேண்டும் என்றார். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் இன்னும் ஒரு படி மேலே போய், நிலம் அரசுடையாக வேண்டும், சாதி பாராமல் கூட்டுப் பண்ணைகளாகப் பயிரிடப்பட வேண்டும் என்றார். நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வரட்டும். அந்த எந்திரம் யாருடையது, அது வந்ததால் வேலை இழந்த பெண்களுக்கு என்ன வழி என்று கேட்பதும் வேளாண் அறிவியலின் வேலைதான்.

அடுத்த ஆண்டறிக்கையில் சேர்க்க வேண்டியவை என்று நாம் கேட்பவை இவை. ஒவ்வொரு புதிய தொழில்நுட்பமும் எத்தனை கூலி நாட்களைக் குறைக்கிறது என்ற கணக்கு. பயிற்சி பெற்றோரின் சாதி, பாலினம், நிலவுடைமை விவரம். ஆசிரியர், ஆய்வாளர் பணியிடங்களில் நிரப்பப்படாத இடஒதுக்கீட்டு இடங்களின் எண்ணிக்கை. பல்கலைக்கழகத்தின் சொந்தப் பண்ணைகளில் உழைப்பவர்களின் கூலியும் பணிப் பாதுகாப்பும். அரை ஏக்கர் நிலத்திலும் கூட்டுக் குத்தகையிலும் பிழைக்க வழி சொல்லும் ஆய்வு. நிலம் மீட்பது வருவாய்த்துறையின் வேலை என்று தட்டிக் கழிக்கலாம். கணக்கெடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை இல்லையா?

வேளாண் மாணவத் தோழர்களே, இறுதியாண்டில் ஊரக வேளாண் பணி அனுபவத்துக்காக நீங்கள் கிராமங்களில் தங்குகிறீர்கள். ஊர் வரைபடம் போடச் சொல்கிறார்கள். கோயில், ஏரி, பள்ளி, பால் சொசைட்டி எல்லாவற்றையும் குறிக்கிறீர்கள். இந்த முறை சேரியையும் குறியுங்கள். சேரி மக்களின் பெயரில் எத்தனை ஏக்கர் இருக்கிறது, அந்த ஊரில் பஞ்சமி நிலம் எந்த சர்வே எண்ணில் இருந்தது, இப்போது யார் அனுபவிக்கிறார்கள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கிடைத்ததை உங்கள் அறிக்கையில் எழுதி மதிப்பெண்ணுக்குக் கொடுங்கள். அதை ஏற்பதா, அடித்துவிடுவதா என்று கல்லூரி முடிவு செய்யட்டும். அந்த முடிவைத்தான் நாம் அவர்களின் உண்மையான ஆண்டறிக்கையாக வாசிப்போம்.