பழைய காரும் புதிய உறுப்பும்

ஞாயிறு காலையில் ஹெவ்லொக் டவுனின் குறுக்குத் தெருக்களில் நடந்து செல்வோர், ஏதாவதொரு வீட்டு முற்றத்தில் மூடுதுணி விலக்கப்பட்டு, நீராடி நிற்கும் மொரிஸ் மைனர் ஒன்றைக் கண்டிருப்பர். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்திறங்கிய வண்டி. வழிப்போக்கர் ஒரு கணம் நின்று, “அன்றிருந்தபடியே இருக்கிறதே!” என்று வியப்பர். உரிமையாளர் புன்னகை செய்வார்; மறுத்துரைக்கமாட்டார். அந்தப் புன்னகையைப் பற்றியே இவ்வாரம் சிறிது எழுத விரும்புகிறோம்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த இவ்வண்டி, 1971 வரையில் பதினாறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. இங்கிலாந்தில் அது எளிய குடும்பத்தின் கார். இங்கோ வைத்தியரும் தலைமையாசிரியரும் ஆயுளில் ஒரே தடவை வாங்கிய சொத்து. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டதும், 1977 வரை இருந்ததைக்கொண்டே காலந்தள்ள வேண்டியதாயிற்று. கிடைக்காத உறுப்பைக் கடைந்தும் வார்த்தும் செய்துகொள்ளும் கைத்திறன் அந்த வறட்சியிலே விளைந்த பயிர். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையமொன்று தனக்கு வேண்டிய உறுப்புகளை இலங்கையில் செய்வித்துப் பெற்றதென்றால், அந்தப் பயிரின் செழுமையை வேறெப்படிச் சொல்வது? பஞ்சிகாவத்தைக் கடைகளில் இன்றும் துருப்பிடித்த குவியலொன்றினுள் கைவிட்டுத் தேவையானதை எடுத்துத் தருபவர்கள் உளர்.

ஆயினும் அன்றிருந்தபடியே ஓட்டுவது எளிதன்று. மைனரின் நான்கு சக்கரங்களுக்கும் பிறேக் எண்ணெய் ஒரே வழியாகச் செல்கிறது. எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் ஒருமிக்கச் செயலற்றுப் போகும், கைப்பிறேக்கே கதி. வெள்ளவத்தைச் சந்தையடியில் பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் நடுவில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. ஆகவே எண்ணெய்வழியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக் பூட்டுகிறார்கள். பளபளக்கும் சக்கர மூடிக்குப் பின்னால் அது கண்ணிற் படாது. மழையிரவில் விளக்கும் துடைப்பானும் ஒருசேர இயங்க, நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டியின் டைனமோ பற்றறியைப் போஷிக்க வலுவற்றது. பழைய டைனமோவின் உருவத்திலேயே ஆல்டர்னேற்றர் கிடைக்கிறது. லூக்கஸ் டிஸ்ரிபியூற்றரின் மூடிக்குள் மின்னணுப் பற்றவைப்பு ஒளிந்திருக்கிறது. ஈயங்கலந்த பெற்றோல் 2002 இல் இந்நாட்டில் நிறுத்தப்பட்டபின், வால்வு இருக்கைகளைக் கடினமான உலோகத்தால் மாற்றியவர் பலர். 1961 வரை வந்த வண்டிகளில் கதவுத்தூணிலிருந்து சிறகுபோல் எழுந்து திரும்பும் திசையைக் காட்டிய சிறு கை உண்டு. அழகுதான், ஆனால் பின்னால் வரும் மோட்டார்ச் சைக்கிள் இளைஞனுக்கு அது என்னவென்றே தெரியாது. கையை அப்படியே விட்டு, பக்கவிளக்கினுள் மின்னும் பல்பையும் வைத்துவிடுகிறார்கள்.

இவையெல்லாம் தூய்மையைக் கெடுப்பவை என்று வாதிடுவோர் உளர். அவர்களுக்கு யாழ்ப்பாணத்தை நினைவூட்ட விரும்புகிறோம். 1990 முதல் எரிபொருள் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், அங்கே ஒஸ்ரின் ஏ 40களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்துச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவர். நோயாளரையும் மணமக்களையும் சுமந்த அவ்வண்டிகளை மூலவடிவம் கெட்டவையென ஒதுக்க எவர் துணிவர்?

எமது மனக்குறை வேறு. வண்டி ஓடவேண்டுமென்று செய்த மாற்றம், வண்டி விலைபோகவேண்டுமென்ற வேளையில் மறைக்கப்படுகிறது. ஜப்பானிய எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஏற்றியபின் ‘அசல்’ என்று விலைகூறுவது வியாபார சாதுரியம் அன்று, பொய். பார்ப்பவன் கண்ணுக்கு மறைப்பது நாகரிகம். வாங்குபவனுக்கும் பின்னாளில் பழுதுபார்ப்பவனுக்கும் மறைப்பது வேறு காரியம். மாற்றிய பிறேக்கை அறியாது, பழைய அளவிலே உறுப்புத் தேடும் மெக்கானிக்கின் தவறு ஓர் உயிரையே பறிக்கக்கூடும்.

தமிழ் வாசகருக்கு இந்த நெறி புதிதன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய காலத்தில், ஏடுகள் செல்லரித்தும் முனை முறிந்தும் கிடந்தன. பதிப்பாசிரியர் திருத்தாமல் இருக்க இயலாது. திருத்தியதை அறிவிப்பதே அவர் கடமை. உ. வே. சாமிநாதையர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்தது அதனால்தான்: வேறொருவர் வேறாகத் தெளியக்கூடும். உலகப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும், கட்டடங்களுக்கென 1964 இல் எழுந்த வெனிஸ் சாசனத்தின் வழிநின்று, இதையே கேட்கிறது: மாற்றம் மீட்கக்கூடியதாயிருக்க வேண்டும், குறித்து வைக்கப்பட வேண்டும். கழற்றிய டைனமோவை எண்ணெய் பூசித் துணியிற் சுற்றி அலுமாரியில் வைப்பது அடிக்குறிப்பு எழுதுவதற்கு ஒப்பு. உடலை அறுத்துப் பெரிய எஞ்சினைத் திணிப்பதோ, ஏட்டை எரித்துவிட்டு அச்சுப்பிரதியை மட்டும் வைத்துக்கொள்வது.

தொடக்கூடாத ஒன்றும் உண்டு: எண் தகடு. ஆங்கில எழுத்துள்ள தகடு பழைய பதிவு. 1957 இலிருந்து சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. 1958 இல் அந்த ஓரெழுத்தின் மேல் வடக்கில் தமிழ் எழுத்தும், தெற்கின் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தாரும் பூசப்பட்டதை இந்நகரத்து முதியோர் மறந்திரார். அழகுக்காக ஆங்கில எழுத்துத் தகடு செய்து மாட்டிக்கொள்ள ஆசைப்படுவோர் சிலர் இருக்கலாம். அது வண்டியைப் புதுப்பிப்பதாகாது. வண்டி கண்ட காலத்தை அழிப்பதாகும்.

1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் இச்சுற்றுப்புறத்திலும் வீடுகளோடு வாசலில் நின்ற கார்களும் எரிந்தன. எஞ்சியவற்றுட் பல, கடல் கடந்தோரால் கைமாறிப் போயின. பதிவுப் புத்தகத்தில் அவர்களுடைய பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அப்புத்தகத்தோடு ஒரு நாற்பது பக்கக் கொப்பியையும் சேர்த்து வைக்குமாறு உரிமையாளரை வேண்டுகிறோம்: இன்ன திகதியில் இன்ன உறுப்பு கழற்றப்பட்டது, இன்னது பூட்டப்பட்டது, பழையது இன்ன இடத்தில் இருக்கிறது என்று மூன்று வரி, கீழே ஒரு கையெழுத்து.